காலிக் கல்வெட்டும் சீன அரசவை அண்ணகர்களும்

இலங்கையின் காலி நகரில் மதகு ஒன்றை மூடிக் கிடந்த கற்பலகையை 1911ஆம் ஆண்டு பொறியாளர் டோமலின் கண்டெடுத்தார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் 1409. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் மிங் பேரரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபு சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. இக்கல்லுக்குரிய கடற்படைத் தளபதி செங் ஹ ஒரு முஸ்லிம், அண்ணகரும்கூட. அதாவது, ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்.

1405 முதல் 1433 வரை அவர் நடத்திய ஏழு கடற்பயணங்களை நம்மவர் பெருமையோடு எழுதுகின்றனர். முதற்பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 27,800 பேர் சென்றனராம். பெருமை தகும். ஆயினும் அதன் அடியில் கிடக்கும் கொடுமையைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். யுன்னானில் ஹாஜி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1381-82இல் மிங் படை அந்நாட்டைக் கைப்பற்றியபோது சிறைபிடிக்கப்பட்டார். பத்து வயதுச் சிறுவன்! காயடித்து, இளவரசர் ஜூ டியின் ஏவலில் சேர்த்தனர்.

மிங் வமிசத்தை நிறுவிய ஹோங்வு, அரசியலில் தலையிடும் அண்ணகரின் தலை கொய்யப்படும் என்று இரும்புப் பலகையில் பொறித்து வைத்தவர். அவருடைய மகன் ஜூ டியோ, 1402இல் தம் அண்ணன் மகனின் அரியணையைப் போரிட்டுப் பறித்தார். தலைநகரின் நிலவரத்தை அவருக்கு எட்டச் செய்தவர்கள் அரண்மனை அண்ணகர்களே என்பர். பறித்த அரியணையில் அமர்ந்தவர், பழைய அரசருக்கு ஊழியம் புரிந்த கற்றறிந்த அதிகாரிகளை எங்ஙனம் நம்புவார்? மக்களும் குலமும் அற்ற, தம்மை விட்டால் போக்கிடமில்லாத அண்ணகர்களை நம்பினார். கடற்படை அவர்களிடம் சென்றது. 1420இல் கிழக்குக் காவலகம் என்ற உளவு அமைப்பும் சென்றது. எல்லாம் இரவல் அதிகாரம். 1424இல் பேரரசர் மறைந்ததும் பயணங்கள் நின்றன. பேரர் 1430இல் ஆணையிட்ட பின்னரே ஏழாம் பயணம் சாத்தியமாயிற்று.

பிற்காலத்தில் வாங் ஜென் என்னும் அண்ணகர் 1449இல் பேரரசரைப் போர்முனைக்கு இட்டுச்சென்று, பகைவரிடம் சிறைப்படக் காரணமானார். இத்தகையோரை வரலாறு கடுமையாகச் சாடுகிறது. ஆனால் அவ்வரலாற்றை எழுதியவர்கள், அண்ணகர்களுடன் அதிகாரத்திற்குப் போட்டியிட்ட கன்பூசிய அறிஞர் வர்க்கத்தினர் என்பதை மறக்கலாகாது.

நம் மண்ணிலும் இதே கதைதான். 1311இல் மதுரை வரை படை நடத்திய மாலிக் காபூர், காம்பேயில் பிடிபட்ட அடிமை. ‘ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டவர்’ என்றே பெயர் பெற்றவர். 1316இல் அலாவுத்தீன் கில்ஜி இறந்ததும், சிறுவன் ஒருவனை அரியணையேற்றி ஆண்டார். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் கொல்லப்பட்டார். பரனீயின் ஏட்டில் காபூர்மீது விழும் ஏச்சில் பாதியேனும் அவரை விலை கொடுத்து வாங்கியோர்மீது விழவில்லை.

திருப்பூர் ராயபுரத்தில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், மார்க்கம் இதனை அனுமதித்ததா என வினவினார். இல்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) துறவு பூண விழைந்தபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி புகாரியில் உள்ளது. மனிதரைக் காயடிப்பது ஹராம் என்பதற்கு அதனையும் சான்றாகக் காட்டுவர். எனினும் முஸ்லிம் அரசவைகள், பிறர் காயடித்த அடிமைகளை விலைக்கு வாங்கின. மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் ‘ஆகா’க்கள் எனப்பட்ட அண்ணகர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் பணியாற்றினர்.