வழி கேட்டு வந்த வெள்ளைப் பெட்டி

போன மாசம் எங்கள் சொசைட்டியில் (நவி மும்பை, நேருல்) லாபி, கிளப் ஹவுஸ் எல்லாவற்றுக்கும் வை-ஃபை போடுவதென்று தீர்மானம் ஆயிற்று. ஆறு ஆக்ஸஸ் பாயிண்ட், ஒரு ஸ்விட்ச் வாங்கி வைத்துவிட்டு, செக்ரட்டரி நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணா, ஜரா பகா." மதராஸி என்றால் கம்ப்யூட்டர் தெரியும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. நெட்வொர்க் வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் மறுக்கவும் வழியில்லை. "ஞாயித்துக்கிழமை போச்சு" என்று தங்கமணி சொன்னது செக்ரட்டரிக்குப் புரியவில்லை. நல்லவேளை.

ஐந்து பெட்டிகள் ஸ்விட்ச்சில் செருகியதும் தானாக வேலை செய்ய ஆரம்பித்தன. ஆறாவது மட்டும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் ஐம்பது வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கதை ஹவாய் தீவுகளில் தொடங்குகிறது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன். அலைச்சறுக்கில் ஆசை கொண்ட மனிதர். தீவுக்குத் தீவு கம்பி இழுப்பது கஷ்டம் என்பதால் ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டரை இணைக்கப் பார்த்தார். 1971 ஜூனில் அலோஹாநெட் ஓட ஆரம்பித்தது. வேகம் நொடிக்கு 9,600 பிட். அதன் சூத்திரம் ரொம்ப எளிது: பேச வேண்டுமா, பேசு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பிவிட்டால், ஆளுக்கு ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி பேசுங்கள். நம்ம வீட்டுக் கல்யாணக் கூட்டத்தில் நடப்பதுதான்!

இதைப் படித்த ராபர்ட் மெட்காஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் அதே யோசனையைக் கம்பிக்குள் கொண்டுவந்தார். 1973 மே 22 அன்று அவர் எழுதிய குறிப்பில்தான் 'ஈதர்நெட்' பிறந்தது. நாமெல்லாம் கம்பி முதலில், வை-ஃபை பிறகு என்று நினைக்கிறோம். உண்மையில் கம்பியில்லாததன் பிள்ளைதான் இந்தக் கம்பி.

ரேடியோ பக்கம் அடுத்த திருப்பம் 1985-ல். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உட்பட மூன்று அலைவரிசைப் பட்டைகளை உரிமம் இல்லாமலே தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை உலாவும், யாரும் சீந்தாத அலைவரிசை அது. 1990-ல் 802.11 குழு அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்று நடத்தியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ். ஏழு வருஷ விவாதத்துக்குப் பிறகு 1997-ல் தரநிர்ணயம் வந்தது; வேகம் 2 மெகாபிட். 1999-ல் அது 11 மெகாபிட் ஆனது. வை-ஃபை என்ற பெயரும் அந்தச் சமயத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

இந்தியாவில் 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் வந்த அறிவிக்கைதான் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்றது. பிறகுதான் வீட்டுக்கு வீடு ஆன்டெனா முளைத்தது.

ஆரம்ப கால ஆக்ஸஸ் பாயிண்ட் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். ஆபீசில் ஐம்பது இருந்தால், பாஸ்வேர்ட் மாற்ற ஐம்பது தடவை உள்ளே போக வேண்டும். போதாக்குறைக்கு, 'வெப்' என்ற பூட்டை உடைக்கும் வழியை 2001-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். எல்லா இடத்திலும் பூட்டை மாற்று என்றால் நிர்வாகிக்குக் கண்ணீர்தான். 'மூளையைப் பிடுங்கி ஒரே இடத்தில் வை, கூரையில் இருப்பது வெறும் ரேடியோ' என்ற யோசனை அங்கிருந்துதான் வலுத்தது. அதில் முன்னே நின்ற ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தை 2005-ல் சிஸ்கோ வாங்கியது. அவர்கள் வழிமுறையை அடிப்படையாக வைத்து 2009-ல் 'கேப்வாப்' பொதுத் தரமானது.

சரி, மூளை வேறு இடத்தில் இருந்தால் பெட்டி அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஊரிலிருந்து முதன்முதலாக தாதர் ஸ்டேஷனில் இறங்கிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் சித்தப்பா அட்ரஸ். பெட்டியும் அப்படித்தான். முதலில் ஸ்விட்ச் அதற்குச் சோறு போடுகிறது: நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம். 2003-ல் வந்த தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். அடுத்து, 'நான் இன்னார், என் வேலை ஆக்ஸஸ் பாயிண்ட்' என்று ஸ்விட்ச்சிடம் அறிமுகம். சிஸ்கோ 1994-ல் இதற்குத் தனக்கென ஒரு பாஷை வைத்தது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எல்எல்டிபி 2005-ல் வந்தது. வழக்கமாக 30 நொடிக்கு ஒரு தரம் இந்த அறிமுகம் நடக்கும். மூன்றாவதாக டிஹெச்சிபி முகவரி தருகிறது. அதோடு 43 அல்லது 138-ம் எண் குறிப்பில் கன்ட்ரோலரின் விலாசத்தையும் எழுதி அனுப்பலாம். அதுதான் துண்டுச்சீட்டு. சீட்டு இல்லையா? 'யாராவது இருக்கீங்களா?' என்று தெருவில் நின்று கத்தும். அந்தச் சத்தம் தன் தெருவுக்குள்தான் கேட்கும்.

எங்கள் ஆறாவது பெட்டிக்கு நடந்தது இதுதான். அதைச் செருகிய போர்ட், சிசிடிவி கேமராக்களுக்கான தனி விலேனில் இருந்தது. கன்ட்ரோலர் வேறு தெருவில், சீட்டும் கொடுக்கவில்லை. ஆனால் எல்எல்டிபி பேச்சு பெட்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் மட்டும் நடப்பது. விலேன் அதைத் தடுக்காது. ஸ்விட்ச்சின் பட்டியலைப் பார்த்தேன். பெட்டி எந்தப் போர்ட்டில் நிற்கிறது என்று பளிச்சென்று காட்டியது. விலேனை மாற்றினேன், இரண்டு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது.

கிளம்பியிருக்கலாம். பழக்க தோஷம், மேக் முகவரிப் பட்டியலையும் புரட்டினேன். 19-ம் போர்ட்டில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது. கேமரா பட்டியலிலும் இல்லை, எல்எல்டிபியிலும் வாய் திறக்கவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் வாட்ச்மேன் அறை. யாரோ தூக்கிப்போட்ட பழைய ரூட்டர், பாஸ்வேர்டே இல்லாமல். பீகாரிலிருந்து வந்த பையன். "ராத்திரி வீட்டோட வீடியோ கால் பேசத்தான் சாப், வேற ஒண்ணுமில்ல" என்றான். கை நடுங்கியது.

கமிட்டியில் சிலர் அவனை வேலையை விட்டே அனுப்பச் சொன்னார்கள். சிலர் "இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?" என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் சொன்னது ஒரே கதை. 2008 ஜூலை 26. ஆமதாபாத் குண்டுவெடிப்புகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வை-ஃபை வழியாகப் போயிருந்தது. சான்பாடா எங்களுக்கு இரண்டாவது ஸ்டேஷன். அவருக்கு அதில் சம்பந்தமில்லை என்று பிறகு தெளிவானது. ஆனால் போலீஸ் தேடிப் போய் நின்றது அவர் வாசலில்தான். தடயம் காட்டுவது இணைப்பின் முகவரியை. தட்டியவன் முகத்தை அல்ல. 2009-ல் தொலைத்தொடர்புத் துறை வை-ஃபையைப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவு போட்டதற்குப் பின்னணியும் இதுதான். அந்த வாரங்களில் வாடகைக்கு இருந்த நாங்கள் எல்லாம் ரூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட ஓடியது நினைவிருக்கிறது. வெளியூர்க்காரன் வாசலில் போலீஸ் வந்து நின்றால் பக்கத்து வீடு என்ன நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் பழைய ரூட்டரைக் கழற்றினோம். விருந்தினர் வை-ஃபையில் அந்தப் பையனின் ஃபோனுக்கு அவன் பேரிலேயே ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். வேலையும் தப்பியது. துண்டுச்சீட்டோடு இறங்கியவர்கள்தானே நாமும்.

உங்கள் சொசைட்டியிலும் ஸ்விட்ச் இருந்தால், இந்த ஞாயிறு அதன் பட்டியலை ஒருமுறை பாருங்கள். 19-ம் போர்ட் எல்லா ஊரிலும் இருக்கும்.