தாடை முறிவும் பல்லின் சாட்சியும்

சுசீந்திரம் ஆலயத்தில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரைத் திருவனந்தபுரத்து மக்கள் பலரும் தரிசித்திருப்பார்கள். 1956ஆம் ஆண்டு வரை அவ்வூரும் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட இராச்சியத்தைச் சேர்ந்ததே. ஞாயிற்றைக் கனியென்று கருதிப் பாய்ந்த குழந்தையை இந்திரன் வச்சிராயுதத்தால் தாக்க, அது மலைமுகட்டில் வீழ்ந்து இடத்தாடை முறிந்தது. அதனாலேயே அனுமான் என்ற பெயர் வந்தது என்று வான்மீகி கூறுகிறார். வடமொழியில் 'ஹனு' என்றால் தாடை. தாடை முறிந்தால் மானிடர் என்ன செய்தார்கள் என்பதை அறிய நாம் வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

அவற்றுள் மிகப் பழையது எகிப்து நாட்டுப் பாப்பிரசுச் சுவடி. ஏறத்தாழ கி.மு. 1600இல் படியெடுக்கப்பட்ட அச்சுவடி, மூட்டு நழுவிய தாடைக்கு வழி சொல்கிறது: கட்டைவிரல்களை வாய்க்குள் வைத்து, மற்ற விரல்களை மோவாயின் கீழ்க் கொடுத்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்றைய மருத்துவரும் ஏறக்குறைய இதையே செய்கிறார். ஆனால் எலும்பே முறிந்து, புண்ணும் காய்ச்சலும் கண்டுவிட்டால், 'சிகிச்சை செய்யத் தகாத நோய்' என்று அச்சுவடி கைவிரித்து விடுகிறது. நம் சுசுருதரும் நழுவிய தாடைக்கு ஒற்றடமிட்டு, எலும்பை நேராக்கி, முகத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

கை, கால் முறிந்தால் மூங்கிற் பத்தை வைத்துக் கட்டி அசையாமல் வைக்கலாம். தென்திருவிதாங்கூரின் வர்ம ஆசான்கள் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். தாடைக்கோ பத்தை வைக்க இடமில்லை. உண்ணவும் பேசவும் விழுங்கவும் அது அசைந்துகொண்டே இருக்கிறது. வெறுந்துணிக்கட்டு இங்கே போதாது என்பது என் கருத்து. கோணலாக எலும்பு கூடிவிட்டால், வலி தீர்ந்த பின்னும் அம்மனிதர் வாழ்நாள் முழுவதும் சோற்றைச் சரிவர மெல்ல இயலாது.

வழி காட்டியவை பற்களே. முறிவின் இரு பக்கத்துப் பற்களையும் பொற்கம்பியாலோ நூலாலோ பிணைக்கச் சொன்னார் கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியின் சலிசெட்டோ ஊர் வில்லியம் இன்னும் ஒரு படி சென்று, கீழ்ப்பற்களை மேற்பற்களோடு சேர்த்துக் கட்டலாம் என எழுதினார். அசையாத மேல்தாடையே கீழ்த்தாடைக்குப் பத்தை! இத்துணை எளிய உண்மை நூல்களில் உறங்கிக் கிடந்தது. 1865இல் வண்டியிலிருந்து விழுந்து தாடை முறிந்த அமெரிக்க அமைச்சர் சீவர்டுக்கு, கன்னிங் என்ற பல் வைத்தியர் கெட்டி ரப்பரில் அச்சு செய்து பொருத்தினார். 1887இல்தான் கில்மர் என்பவர் இரு தாடைப் பற்களையும் கம்பியால் பிணைக்கும் முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

முறிவை அறிவதற்கும் பல்லே முதற் சாட்சி. "பற்கள் முன்போல் பொருந்துகின்றனவா?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். கீழுதட்டில் மரமரப்பு, நாவின் அடியில் இரத்தக் கன்றல் ஆகியவையும் குறிகளே. தாடை குதிரை லாட வடிவினது; ஆகவே ஒருபுறம் அடிபட, மறுபுறம் காதருகேயும் முறிவது உண்டு. ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாமல் மற்றொன்றையும் எக்ஸ்ரேயில் தேடுவார்கள்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைப் பண்டித நேரு 1951 நவம்பர் 27இல் திறந்து வைத்தார். பல் மருத்துவக் கல்லூரி 1959இல் தோன்றியது. அறுவை வைத்தியரும் பல் வைத்தியரும் கூடிச் செய்ய வேண்டிய இவ்வேலைக்கு அந்த அண்மை பெரும் வசதி.

கம்பிக் கட்டு நான்கு முதல் ஆறு வாரம் நீடிக்கும். அதுவரை கஞ்சியும் பாலும் பழச்சாறுமே ஆகாரம். வாந்தி வந்தால் மூச்சடைக்காதிருக்கக் கம்பி வெட்டும் கத்திரியை நோயாளியின் அருகிலேயே வைத்திருப்பார்கள். 1970களில் பிரான்சு நாட்டுச் சாம்பி முதலியோர் சிறு தகடுகளை எலும்பிலேயே திருகிப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று பெரும்பாலோர் சில நாட்களிலேயே வாய் திறந்து பேசுகிறார்கள். ஆயினும் தகட்டைத் திருகுமுன், பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துமாறு மருத்துவர் முதலில் பிணைத்துக்கொள்கிறார்.