கால் இரத்த ஓட்டக் குறைவு: கரிசல் காட்டுக் கால்களும் சிகிச்சையும்

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். கால் தமனிகளில் கொழுப்பு படிந்து, தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காததன் அடையாளம் இது. நோய் முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும்; காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் சற்று ஆறும். வாதம், வயசு என்று தைலம் தேய்த்தே நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

புகையிலையும் சர்க்கரை நோயும் முதன்மைக் காரணங்கள். நடுத்தர வயதுக்கு முன்பே பீடி, சிகரெட் குடிப்போரின் கை, கால் நாளங்களை அடைக்கும் பர்கர் நோயை 1908இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் விரிவாக விவரித்தார். அதற்குப் புகையிலையை அறவே விடுவதே மருந்து, குறைத்துக்கொள்வது போதாது.

கரிசல் காட்டில், குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை அரிது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. இரத்தம் குறைந்தால் புண்ணும் ஆறாது. காட்டுக்குப் போகையில் செருப்பும், இரவில் விரலிடுக்குகளைப் பார்ப்பதும் கட்டாயம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, வெந்துபோவதே தெரியாது.

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு நாளங்கள் இறுகியிருப்பதால் எண் பொய்யாகக் கூடிவிடலாம். அப்போது டாப்ளர் ஸ்கேன் உதவும்.

சிகிச்சையில் முதலிடம் நடைக்கு. வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பதாக வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். ஆறாத புண்ணோ படுக்கையில் வலியோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது. ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் ஆகியவை மருத்துவர் சொல்லும் மாத்திரைகள். சிலோஸ்டசால் நடைத்தூரத்தைக் கூட்டும், ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியைக் குழாய் செலுத்தி விரித்தார் மருத்துவர் சார்லஸ் டாட்டர். கால் தப்பியது. இன்று பலூன், ஸ்டென்ட், சொந்தச் சிரையை வைத்துச் செய்யும் பைபாஸ் எல்லாம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இரத்தநாள அறுவைப் பிரிவு இயங்குகிறது.

விரல் கறுத்தால் வெட்டச் சம்மதிக்கும் முன் இரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 6 மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.