தோல்வி: பொருளும் வழக்கும்

போர், போட்டி, வழக்கு, தேர்தல் ஆகியவற்றில் எதிர்த்தரப்பிடம் வெற்றியை இழப்பதும், மேற்கொண்ட முயற்சி கைகூடாமல் போவதும் தோல்வி எனப்படும். ‘தோல்’ என்னும் வினையடி ‘வி’ விகுதி பெற்றுத் தோல்வி ஆயிற்று. கேள்வி, வேள்வி என்பனவும் இவ்வாறு அமைந்தவை. மழை, பயிர், அணை, வணிகம், உடலுறுப்பு ஆகியவை உரிய பயனைத் தராதபோது ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. எது, எவ்வகையில் குறைந்தது என்பதை அச்சொல்லே காட்டிவிடும்.

போர்

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வென்றவனைவிட அவன் நல்லவன் என்று வெண்ணிக் குயத்தியார் பாடியது புறநானூற்றில் உள்ளது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றார். மறு ஆண்டில் புதுச்சேரியும் வீழ்ந்தது.

இலக்கியம்

நூலில் நேரும் பிசகு சொற்குற்றம், பொருட்குற்றம் எனப்படும். திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் இரட்டைப்புலவர்கள் கோயில் பம்பையாற்றின் எக்கரையில் உள்ளது என்பதை மாற்றிப் பாடியதாக அவையோர் குற்றம் கூறினர் என்றும், ஆறே தடம் மாறி அப்பாட்டை மெய்யாக்கியது என்றும் கதை வழங்குகிறது.

மழையும் பயிரும்

மழை தோற்பதில்லை, பொய்க்கிறது. சங்க இலக்கியத்திலேயே காணப்படும் இவ்வழக்கு இன்றும் மாறவில்லை. நெல்மணி பால்பிடிக்காமல் பதரானால் ‘சாவியாகிவிட்டது’ என்பர். மணி முற்றிய கதிர் தலைசாயும்; சாவிக்கதிர் நிமிர்ந்தே நிற்கும். பூக்கும் பருவத்தில் நீர்த்தட்டுப்பாடும், தண்டுத் துளைப்பான் தாக்குதலும் இதற்குக் காரணங்கள். விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் முக்கியப் பயிரான மணிலாவில் (நிலக்கடலையில்) ஓடு மட்டும் வளர்ந்து பருப்புப் பிடிக்காத காய் ‘பொக்கு’. மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இது மிகும். மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது இதற்குப் பரிந்துரைக்கப்படும் தீர்வு.

கட்டுமானம்

அணையும் கரையும் ‘உடைகின்றன’. விழுப்புரம் அருகே தென்பெண்ணையாற்றில் 2020-இல் திறக்கப்பட்ட தளவானூர் தடுப்பணையின் ஒரு பக்கச் சுவர் 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் சேதம் மேலும் பெரிதாயிற்று.

வணிகம்

கடனைத் திருப்பித் தர இயலாத நிலை ‘நொடித்தல்’. சட்டப்படி அதை அறிவிப்பதைப் பேச்சுவழக்கில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்பர். 1906-இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் பலரின் சேமிப்பு அழிந்தது. மறு ஆண்டில் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது.

தேர்தல், தேர்வு, மருத்துவம்

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூடப் பெறாமல் தோற்ற வேட்பாளர் ‘டெபாசிட் இழந்தார்’ எனப்படுவார். தேர்வில் ‘தேர்ச்சி பெறவில்லை’ என்பது எழுத்துவழக்கு; ‘ஃபெயில்’ பேச்சுவழக்கு. ‘கணக்கில் ஃபெயில்’ என்பது அந்த ஒரு பாடத்துக்கே பொருந்தும். துணைத்தேர்வு எழுதி அதைச் சரிசெய்யலாம். மருத்துவத்தில் ‘செயலிழப்பு’ என்பர். இதயச் செயலிழப்பில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப இயலாமல் தளர்கிறது. இரத்தக்குழாய் அடைபட்டு நேரும் மாரடைப்பு இதனின்றும் வேறானது.