இருநிற மேலிலைச் சுருட்டு

இருநிற மேலிலைச் சுருட்டு என்பது நிறத்தில் வேறுபட்ட இரண்டு புகையிலைகளை அருகருகே திருகுசுருளாகச் சுற்றி, அவற்றையே மேலுறையாகக் கொண்டு கையால் செய்யப்படும் ஓர் உயர்தரச் சுருட்டு வகையாகும். வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறித் தெரிவதால், மேலை நாடுகளில் முடிதிருத்தும் கடைகளின் வாயிலில் காணப்படும் வரிக்கம்பத்தை இது ஒத்திருக்கும். அதனாலேயே ஆங்கிலத்தில் "பார்பர் போல்" சுருட்டு என்று அழைக்கப்படுகின்றது. டொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா, ஹொண்டுராஸ் ஆகிய நாடுகளின் பட்டறைகளில் இது செய்யப்படுகின்றது. உழைப்பு மிகுதி என்பதால் பல தயாரிப்பாளர்கள் இதனைச் சிறு எண்ணிக்கையில், சிறப்பு வெளியீடாகவே விற்பனைக்குக் கொண்டுவருகின்றனர்.

சுருட்டின் அமைப்பு

கையால் சுற்றப்படும் சுருட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. நடுவில் நீளவாக்கில் மடித்து வைக்கப்படுவது உள்ளிலை. அதனை இறுக்கிப் பிடிப்பது பிணைப்பிலை. வெளியே தெரிவது மேலிலை. எசுப்பானிய மொழியில் இவை முறையே திரிப்பா, கப்போத்தே, காப்பா எனப்படும். திரிப்பா என்றால் குடல் என்றும், காப்பா என்றால் மேலங்கி என்றும் பொருள். எடையில் மேலிலையின் பங்கு மிகச் சிறிது. எனினும், கிழிசலும் தடித்த நரம்பும் இல்லாத இலையே இதற்கு ஏற்றது என்பதால், மூன்றனுள் விலை மிகுந்தது பெரும்பாலும் இதுவேயாகும்.

மேலிலையின் நிறங்கள்

மேலிலையின் நிறம் செடியின் வகை, வெயில், உலர்த்தும் முறை, நொதித்தல் ஆகியவற்றைப் பொறுத்து அமைகின்றது. சாயம் ஏற்றுவதால் அன்று. இளம் பழுப்பு நிற இலை "கிளாரோ" எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 ஆம் ஆண்டு முதல் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கப்பட்டுவரும் "கனெடிகட் ஷேட்" இலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மெல்லியது, மென்சுவை கொண்டது. எக்குவடோரில் மலையடிவாரத்தில் நிலவும் மேகமூட்டமே பந்தலின் வேலையைச் செய்துவிடுகின்றது.

கரும்பழுப்பு நிற இலை "மதூரோ" எனப்படும். எசுப்பானியத்தில் இதற்குப் பழுத்தது அல்லது முதிர்ந்தது என்று பொருள். இலைகளைப் பெருங்குவியலாக அடுக்கி, உள்வெப்பம் ஏறவிட்டு, அவ்வப்போது குவியலைப் பிரித்து மாற்றி அடுக்கி, பல மாதங்கள் நொதிக்க விடுவர். அப்போது அமோனியா வெளியேறி, இலை கறுத்து, காரம் தணிந்து சற்றே இனிப்பு தட்டும். இந்த வெப்பத்தைத் தாங்கத் தடித்த இலை வேண்டும். வெயிலில் வளரும் கனெடிகட் பிராட்லீஃப் இலையும், மெக்சிகோவின் சான் அந்திரேசு இலையும் இதற்குப் பெயர் பெற்றவை.

மூன்றாவதாகக் குறிப்பிட வேண்டியது "கண்டேலா" என்னும் பச்சை இலை. சூடேற்றப்பட்ட கொட்டகையில் சில நாட்களிலேயே உலர்த்திவிடுவதால் பச்சையம் சிதையாது நின்றுவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மிகவும் விரும்பப்பட்ட இவ்விலை பின்னர் செல்வாக்கிழந்தது. இருநிறச் சுருட்டுகளில் இன்றும் இதனைக் காணலாம். அலெக் பிராட்லி நிறுவனத்தின் "ஃபில்தி ஹூலிகன்" இவ்வாறு பச்சை இலை சேர்ந்தது. ஆர்துரோ ஃபுயெந்தே நிறுவனத்தின் "ஹெமிங்வே" வரிசையில் வரும் "பிட்வீன் த லைன்ஸ்" சுருட்டில் கமரூன் இலையும் கரிய பிராட்லீஃப் இலையும் இணைகின்றன.

சுற்றும் முறை

புகையிலையின் நடுநரம்பை நீக்கினால் இடப்பாதி, வலப்பாதி என இரண்டு துண்டுகள் கிடைக்கும். நரம்புகள் சுருட்டின் போக்கோடு ஒத்துச் செல்ல வேண்டும் என்பதால் இடப்பாதியை ஒரு திசையிலும் வலப்பாதியை எதிர்த்திசையிலும் சுற்றுவர். இருநிறச் சுருட்டில் இரண்டு பட்டைகளும் ஒரே திசையில் செல்வதால், இரண்டும் ஒரே பக்கத்துப் பாதியாக இருக்க வேண்டும். தொழிலாளி பிறைவடிவக் கத்தியால் இரண்டையும் ஒரே அகலத்துக்கு நறுக்கி, ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் சிறிதே ஏறுமாறு வைத்துச் சுற்றுவார். தலைப்பகுதியில் தாவரப் பசை கொண்டு ஒட்டுவார்.

இதில் உள்ள சிக்கல், இரண்டு இலைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதாகும். மெல்லிய இலை எளிதில் கிழியும். தடித்த இலை நன்கு இழுபடும். ஈரத்தை ஏற்பதிலும் விடுவதிலும் இரண்டும் வேறுபடும். ஒன்று சுருங்கும்போது மற்றது சுருங்காவிட்டால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். 6 அங்குல நீளமும் 50 வளைய அளவும் கொண்ட ஒரு சுருட்டை எடுத்துக்கொள்வோம். வளைய அளவு என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு ஆதலால் விட்டம் சுமார் 19.8 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 62 மில்லிமீட்டர். இரு பட்டைகளும் சேர்ந்து 30 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று வருமாயின், முழு நீளத்துக்கும் ஐந்து சுற்றுகள் ஆகும். ஒரு விளிம்பின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். ஒருநிறச் சுருட்டில் இத்தகைய விளிம்பு ஒன்று, இங்கே இரண்டு. பிரிந்துபோகக்கூடிய இடமும் இருமடங்காகின்றது.

சுவை மாறி மாறி வருமா?

பட்டைக்குப் பட்டை சுவை மாறும் என்ற கருத்து பரவலாக உள்ளது. சுருட்டின் வடிவத்தை எண்ணிப் பார்த்தால் இது பொருந்தாது என்பது விளங்கும். திருகுசுருளாகச் செல்லும் சம அகலமுள்ள இரண்டு பட்டைகளை எந்த இடத்தில் குறுக்காக வெட்டினாலும், சுற்றளவில் பாதி ஒரு நிறமாகவும் பாதி மற்றொரு நிறமாகவும் இருக்கும். எரியும் விளிம்பும் அத்தகைய ஒரு குறுக்குவெட்டே. ஆகவே தொடக்கம் முதல் இறுதிவரை இரண்டு இலைகளும் சேர்ந்தே எரிகின்றன. வாய்க்கு வருவது ஒரு கலவை. அடுத்தடுத்து வரும் இரண்டு சுவைகள் அல்ல.

உண்மையில் மாறுவது எரியும் போக்கு. தடித்த கருநிற இலை பொதுவாக மெதுவாக எரிவதால் அப்பக்கம் பின்தங்கும். பட்டை சுழன்று செல்வதால் அந்தப் பின்தங்கலும் சுருட்டைச் சுற்றி நகரும். இதனை அறியாதோர் கோணலாக எரிகின்றது என்று எண்ணி மீண்டும் மீண்டும் தீ வைப்பர். சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மற்றொன்று, உதடும் நாவும் நேரடியாகத் தொடுவது மேலிலையை. அங்கே பட்டைகளின் வேறுபாட்டை உணர இடமுண்டு.

தலைப்பாதி ஒரு நிறமும் அடிப்பாதி வேறொரு நிறமுமாக அமைந்த சுருட்டுகளும் உள்ளன. அவற்றில் நிறம் மாறும் இடத்தில் சுவை மாறுவதை எதிர்பார்ப்பது முறையே.

சுவைத்தல்

முதலில் கண்ணால் பார்ப்பர். பட்டைகளின் அகலம் ஒன்றாக உள்ளதா, விளிம்பு படிந்துள்ளதா, இலையில் எண்ணெய்ப் பளபளப்பு உண்டா என்பவை கவனிக்கப்படும். விரலால் மெல்ல அழுத்தினால் சிறிதே உள்வாங்கி மீள வேண்டும். தலையின் மூடியை மட்டும் கூரிய வெட்டியால் நீக்குவர். ஆழமாக வெட்டினால் இரண்டு இலைகளும் பிரியத் தொடங்கும். இவ்வகைச் சுருட்டுக்கு நேரும் முதல் விபத்து பெரும்பாலும் இதுவே.

தீ மூட்டுமுன் காற்றை இழுத்துப் பார்ப்பது வழக்கம். பச்சை இலை உள்ளதில் புல், தேயிலை போன்ற மணமும், கரிய இலை உள்ளதில் கோகோ, உலர்ந்த திராட்சை போன்ற மணமும் கூறப்படுகின்றன. பின்னர் அடியைச் சுடரின் மேல் பிடித்துச் சுழற்றி, விளிம்பு முழுதும் சமமாகக் கனன்ற பிறகே இழுப்பர். பெட்ரோல் தீமூட்டி மணத்தைக் கெடுக்கும். பியூட்டேன் அல்லது மரச்சீவல் ஏற்றது. புகையை வாயில் வைத்துச் சுவைத்து வெளிவிடுவரேயன்றி உள்ளிழுப்பதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவில் இழுப்பர். விரைந்து இழுத்தால் சூடேறிக் கசக்கும். சுருட்டை மூன்று பாகமாகக் கொண்டு குறிப்பெடுப்பது மரபு. தலைப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்லச் சுவை தடிப்பதற்கு, முன்பு வந்த புகையின் தாரும் ஈரமும் மீதமுள்ள இலையில் படிவதே முக்கியக் காரணம்.

மேலிலை சுவையில் இத்தனை விழுக்காடு என்று விற்பனையாளர்கள் சொல்லும் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுபவை. விட்டம் குறையக் குறைய, குறுக்குவெட்டில் மேலிலையின் பங்கு கூடும் என்பது மட்டும் உறுதி. எனவே இரு இலைகளின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு மெல்லிய சுருட்டே பொருத்தமானது.

பேணல்

65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏறத்தாழ 18 முதல் 21 பாகை செல்சியசு வெப்பமும் உள்ள பெட்டியில் வைப்பர். வெப்பம் மிகுந்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கும். பெட்டியின் உட்புறத்துக்குப் பயன்படும் "எசுப்பானிய சீடர்" பெயரளவில்தான் தேவதாரு. உண்மையில் அது நமது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம்.

உடல்நலக் கேடு

புகையை உள்ளிழுக்காவிட்டால் தீங்கில்லை என்பது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை மிகுந்தது என்பதால் நிக்கோட்டின் வாயின் தோல்வழியே இரத்தத்தில் கலக்கின்றது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகச் சுருட்டு காரணமாகின்றது. வயலில் ஈர இலையைக் கையாளும் தொழிலாளருக்கும் தோல்வழியே நிக்கோட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் வருவதுண்டு. இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் சுருட்டையும் உள்ளடக்கியது.

தமிழ்த் தொடர்பு

இருநிற முறை தமிழகத்தில் தோன்றியதன்று. எனினும் இரு முனையும் திறந்த எளிய சுருட்டைக் குறிக்கும் "செரூட்" என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ச் "சுருட்டு" என்பதிலிருந்து பிறந்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை அறியப்பட்டிருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய, 1887 இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் புதினத்தில், சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கின்றார்.