கரண்ட் போன ஊரும் கிணறு இருந்த வீடும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு எதிலோ கை வைக்க, இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. பகிடி இல்லை, அமைச்சரே சொன்ன காரணம் அதுதான். நான் கொழும்பில் ஒரு தொடர்மாடியில் ஏழாம் மாடியில் இருக்கிறேன். முதலில் யூபிஎஸ் கத்தியது. பிறகு லிப்ட் நின்றது. இன்ரநெற் போனது, அதையும் பொறுத்துக்கொண்டேன். பின்னேரம் முகம் கழுவப் போனால் குழாயில் தண்ணி இல்லை! மேல் தாங்கிக்குத் தண்ணி ஏற்றுகிற மோட்டரும் கரண்டில்தானே ஓடுகிறது. இது என்ர மண்டைக்கு அதுவரை ஏறவே இல்லை. நானும் ஒரு பொறியியல் பட்டதாரி :-)

போனில் சார்ஜ் மிச்சம் 12 வீதம். யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு அடித்தேன். எடுத்தவுடன் அவ கேட்ட முதல் கேள்வி, "தம்பி, தண்ணி கிடக்கோ?"

இல்லை என்றேன். சிரித்தா. "கொஞ்ச மணித்தியாலத்துக்கே இந்தப் பாடோ? நாங்கள் ஆறு வருசம் இருந்தனாங்கள்."

அந்த ஆறு வருடக் கதையைத் துண்டு துண்டாக எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், நான் பிறந்தது அதற்குப் பிறகு. இந்த முறைதான் ஒரு பொறியியலாளனாக உட்கார்ந்து யோசித்தேன்: ஐந்தாறு லட்சத்துக்கும் மேல் சனம் இருந்த ஒரு குடாநாட்டுக்கு வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. அந்தச் சனம் எப்படித் தப்பியது?

பழைய ஆக்கள் இன்றைக்கும் "லக்சபானா கரண்ட்" என்றுதான் சொல்லுவார்கள். மலைநாட்டு நீர்மின்சாரம் அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று நீண்ட கம்பி வழியாகச் சுன்னாகத்துக்கு வந்து அங்கேயிருந்து குடாநாடு முழுக்கப் பிரியும். எங்கட அம்மம்மா வீடு அந்தச் சுன்னாகத்துக்குப் பக்கத்தில்தான். 1990 ஜூன் 11 யுத்தம் திரும்பத் தொடங்கியது. அதோடு யாழ்தேவி நின்றது, கரண்டும் நின்றது. அம்மாவுக்கு அப்போது 16 வயது. முதல் மாதம் எல்லாரும் சுவிச்சைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்களாம். பிறகு சுவிச்சில் சிலந்தி கூடு கட்டியது.

கரண்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா, டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரி என்று தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெய் கொஞ்சமாகத்தான் வரும், வருவதும் யானை விலை. அதாவது வெளிச்சத்துக்கு மாற்றாக இருந்ததும் கையில் இல்லை.

அங்கேதான் ஜாம் போத்தல் விளக்கு வருகிறது. ஈழத்து நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: வெறும் ஜாம் போத்தலுக்குள் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் பழைய வால்வுக் கட்டைக்குள் மெல்லிய திரியைச் செருகி, கம்பியால் பிடித்து உள்ளே நிறுத்த வேண்டும். விளக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது திரியின் தடிப்புத்தான். திரி மெல்லிதானால் சுடரும் சின்னது, செலவும் குறைவு. சின்னச் சுடர் காற்றுக்கு அணைந்துவிடும், ஆனால் சுற்றிவரப் போத்தல் கண்ணாடி மறைக்கிறது. தட்டி விழுத்தினாலும் எண்ணெய் பஞ்சிலேயே நிற்கும். யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. காப்புரிமை எடுத்திருந்தால் கோடீஸ்வரன்!

அந்த வெளிச்சத்தில்தான் அம்மா ஏ.எல். படித்தா. ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர், நாலு புத்தகம். விடிய எழும்பி மூக்கைச் சிந்தினால் கரி வரும். ஆனாலும் சோதனை வருடா வருடம் நடந்தது, பல்கலைக்கழகமும் இயங்கியது. உதயன் பேப்பர் அச்சடிக்கத் தாள் இல்லாமல் கொப்பித் தாளில்கூட வந்தது.

மாமாவின் பொறுப்பு ரேடியோ. சைக்கிளைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்து ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் மாறுதிசை மின்சாரம். நேரே கொடுத்தால் ரேடியோ உறுமும். மாமா பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் கழற்றிப் பூட்டினாராம். அவர் படித்தது கணக்கியல்! இரவு பிபிசி தமிழோசை தொடங்கும்போது முற்றத்தில் பக்கத்து வீட்டுச் சனமும் கூடிவிடும். சுற்றுகிற பொடியனுக்குக் கை நொந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் மங்கும். "டேய், சுத்தடா!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்களாம்.

ரோட்டில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். கார் போய் நெடுநேரத்துக்குப் பிறகும் ஒழுங்கையில் புகை நிற்கும்.

இந்தக் கதைகளைத்தான் நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம். நானும் கல்லூரியில் சிங்கள நண்பர்களுக்குச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் அந்த முதல் கேள்வி மண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தது. சனத்தைக் காப்பாற்றியது ஜாம் போத்தலும் டைனமோவும்தானா? இல்லை. அவை இருட்டைச் சமாளிக்கத்தான். காப்பாற்றியது கிணறு.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். அம்மம்மா வீட்டுக் கிணறு இருபது அடி. ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு வாளி. தோட்டக் கிணறுகளில் துலா. கரண்ட் இருந்த காலத்திலும் இதுதான், போன பிறகும் இதுதான். 1990 ஜூன் மாதத்தில் அம்மம்மா தண்ணி அள்ளுவதில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கட தொழிலில் ஒரு விசயத்தை அடிக்கடி கேட்போம்: இந்த ஒரு சேர்வர் விழுந்தால் கூடவே எதெல்லாம் விழும்? அந்த ஊரில் கரண்ட் விழுந்தபோது வெளிச்சம் விழுந்தது, பிரிட்ஜ் விழுந்தது, ஆலை விழுந்தது. தண்ணி விழவில்லை. அடுப்பு விறகில், பயணம் சைக்கிளில். அதனால் ஊர் நின்றது. ஏழாம் மாடியில் இருக்கிற எனக்கு ஒரு குரங்கு போதும்.

ஆனால் "தப்பினோம், வென்றோம்" என்று இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் தாத்தா.

அவருக்குச் சலரோகம், இன்சுலின் போட வேண்டும். மருந்து கிடைப்பதே அருமை. கிடைத்ததைக் கெடாமல் வைக்கப் பிரிட்ஜ் இல்லை. அம்மம்மா பெரிய மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, கிணற்றடி நிழலில் வைத்திருந்தா. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணி தெளிப்பது அம்மாவின் வேலை. இரண்டு வாரம் மருந்து வராத ஒரு முறை காலில் புண் வந்தது, ஆறவில்லை. 1994-இல் போய்ச் சேர்ந்தார். இறப்புப் பத்திரத்தில் காரணம் "சலரோகம்". கரண்ட் என்றோ தடை என்றோ அதில் ஒரு எழுத்தும் இல்லை.

இப்படி எத்தனை பேர்? இந்தக் கேள்வியோடு தேடும்போதுதான் வேறு ஒரு தீவின் கணக்குக் கண்ணில் பட்டது. போர்ட்டோ ரிக்கோவில் 2017 செப்டம்பர் 20 மரியா புயல் அடித்து மின்வலையமைப்பே சரிந்தது. கடைசி வீடுகளுக்குக் கரண்ட் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதம் பிடித்தது. அரசு சொன்ன சாவு முதலில் 64. ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வழமையான சாவு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2018 ஆகஸ்டில் சொன்ன மதிப்பீடு 2,975. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. அதிகமாகச் செத்தது வயதானவர்களும் ஏழைகளும். அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இருந்தது. எங்கட தாத்தாவை அந்த மாதிரி ஒரு கணக்கில் யார் சேர்ப்பது?

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் ஊரே தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவின் பையில் ஒரு ஜாம் போத்தலும் போனது. 1996-இல் திரும்பி வந்த பிறகு ஜெனரேற்றர் மின்சாரம் பகுதி பகுதியாக வந்தது. தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மீண்டும் இணைந்தது 2013-இல்தான். 23 வருடம்!

இடைப்பட்ட காலத்தில் ஊருக்குத் தேவையான கரண்டை எண்ணெய் எரித்து ஊருக்குள்ளேயே உற்பத்தி செய்தார்கள். 2014 அளவில் சுன்னாகத்தைச் சுற்றிய பல கிணறுகளில் எண்ணெய். அம்மம்மா ஒரு விடியக்காலை வாளியைத் தூக்கியபோது தண்ணியின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. மோந்து பார்த்துவிட்டு அப்படியே முற்றத்தில் ஊற்றினாவாம். பவுசரில் தண்ணி வந்தது, வரிசையில் நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் மாதம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கிணற்றுக்கு என்ன இழப்பீடு கொடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

கரண்ட் இல்லாத காலத்தில் எங்களைக் காப்பாற்றிய கிணறு, கரண்ட் தயாரித்ததால் கெட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வெளிச்சத்துக்கு ஏங்கிய சனம், கிணற்றைப் பற்றி யோசிக்க மறந்துபோனோம். அவ்வளவுதான்.

அன்றைக்கு அம்மாவிடம் இதையும் கேட்டேன். "இப்ப திரும்பவும் ஆறு வருசம் கரண்ட் இல்லாமல் போனால் சமாளிப்பியளோ அம்மா?"

"விளக்குக் கட்டுவன். சைக்கிள் ஓடுவன். அதெல்லாம் மறக்கேல்லை." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னா, "குளிக்கத் தண்ணி கிடக்கு. குடிக்கிறதுக்குத்தான் போத்தல் தண்ணி லொறியில வருது."

நண்பர்களே, இன்வேர்ட்டரும் பவர்பாங்கும் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட் போனால் உங்கள் வீட்டுக் குடிதண்ணி எங்கேயிருந்து வரும் என்று இன்றைக்கு ஒருமுறை பாருங்கள். கிணறு இருந்தால் மூடிவிடாதேயுங்கோ.

பி.கு: ஜாம் போத்தல் விளக்கை வேறு விதமாகக் கட்டியவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கோ. அம்மாவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.