நாலாவது வரியைக் காணோம்

கான்சாபுரத்துல இருந்து அத்தை போன்: "ஏய்யா, நாலாவது வரியைக் காணோமே!" கண் மங்கல். பிரவுசர் செட்டிங்ஸை அவங்க படிக்கிறதில்ல, எண்ணுவாங்க. நாலாவதைத் தொட்டா எழுத்தைப் பெருசாக்கலாம். அப்டேட் வந்து வரிசையைக் கலைச்சிடுச்சு.

இந்தக் கலைப்புக்கு வரலாறு உண்டு. 2020 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸைப் புதிதாகவே எழுதி வெளியிட்டது மொசில்லா. முகவரிப் பட்டை கீழே இறங்கியது, கட்டைவிரலுக்கு எட்டணுமாம். பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் மேலே ஏற்றிக்கொள்ளலாம், அது நியாயம். ஆனால் 'அபவுட் கான்ஃபிக்' என்ற நுணுக்க அமைப்புப் பக்கத்தைப் பொதுப் பதிப்பில் மூடிவிட்டார்கள். நீட்சிகளும் முதலில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2023 டிசம்பரில்தான் கதவு அகலத் திறந்தது.

அத்தையை ஒவ்வொரு வரியா எழுத்துக்கூட்டச் சொன்னேன். ஆறாவதுல நின்னாங்க. "அணுகல்தன்மை... அப்படின்னா என்னய்யா?"

"அதான் அத்தை, தொடுங்க."